காருக்கு ஒரு வாய்ப்பூட்டு

ஜூன் 4

அன்புள்ள டமாரத்துக்கு,

நீ போனைப் பாதியில் வைத்த கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. தீர்ந்த பிறகு எழுதலாம் என்று பார்த்தால் அதற்குள் எங்களை இந்தக் கட்டடத்தை விட்டே துரத்திவிடுவார்கள் போலிருக்கிறது. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

விஷயம் உன் கார். உன் கார் என்று சொல்லக் கூடாது, அப்பாவின் கார். வாழ்நாளெல்லாம் ஊராருக்கு பஸ் ஓட்டிவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு தனக்கென்று ஆசையாக ஒரு சின்னக் கார் வாங்கினார். அதை உன் கையில் கொடுத்தார். நீ அதன் சைலன்சரை அறுத்து எறிந்துவிட்டு, என் கை நுழைகிற அளவுக்கு அகலமான ஒரு குழாயை மாட்டினாய். மாட்டியவன் கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்று மேடையில் போய் உட்கார்ந்துகொண்டாய். அனுபவிப்பவள் நான்.

மூக்குக் கண்ணாடிக் கடைக்கு நான் வேலைக்குப் போவதும், அப்பாவைக் கை கால் பயிற்சிக்கும் பேச்சுப் பயிற்சிக்கும் கூட்டிப் போவதும் அந்தக் காரில்தான். தெருமுனையில் நான் திரும்பும்போதே வாட்ச்மேன் எழுந்து கேட்டைத் திறந்து வைத்துவிடுகிறார். கட்டடத்துக்கு அடியில் வண்டி நிறுத்துமிடம், நாலு பக்கமும் சுவர். உள்ளே நுழைந்ததும் ஒரு கார் பத்துக் கார் ஆகிவிடுகிறது. முதல் மாடியில் பச்சைக் குழந்தை இருக்கிறது. அதன் அம்மா என்னைப் பார்த்தால் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். குடியிருப்புச் செயலாளர் நேற்று லிஃப்டில் வைத்து மடக்கினார். "மேடம், உங்க கார் வந்தா என் வீட்டு அலமாரில டம்ளர் ஆடுது. நான் சொல்றது மிகையில்ல. வந்து பாருங்க." போய்ப் பார்த்தேன். உண்மையிலேயே ஆடுகிறது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அன்றைக்கு அப்பா வாசலில் நின்று உன்னிடம் சொன்னது உனக்கும் மறந்திருக்காது. "அந்தச் சத்தம் அடங்கற வரைக்கும் என் முன்னாடி வராதே." நீயும் ரோஷக்காரன், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாய். அடுத்த மாதமே அவருக்குப் பக்கவாதம். இப்போது அவர் பேசுவதில்லை, நீ வருவதில்லை, நடுவில் நான் ஒருத்தி. சத்தத்தை அடக்கிவிட்டால் அவர் வைத்த நிபந்தனை முடிந்துபோகும் அல்லவா? அப்புறம் நீ வர என்ன தடை?

ரேடியோவில் இருப்பதுபோல் எங்கேயாவது திருகு இருக்கிறதா? இருந்தால் எழுது. போன் செய்யாதே. போன் செய்தால் நான் அழுவேன், நீ கத்துவாய்.

அக்கா

*

ஜூன் 15

அக்காவுக்கு,

முதலில் போன் விஷயம். இங்கே மேடையில் ஒரே ஒரு போன். நான் பேசும்போது பின்னால் ஆறு பேர் வரிசையில் நின்று என் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீ போனை அப்பா காதில் வைத்தாய். நான் "அப்பா, அப்பா" என்று கத்துகிறேன். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு டொக்கென்று ஒரு சத்தம். அதற்கு மேல் நான் என்ன பேச? ஆறு பேர் முன்னால் அழச் சொல்கிறாயா?

இப்போது கார். திருகு இல்லை, ஆனால் வேறு ஒன்று இருக்கிறது. டிக்கியைத் திற. ஸ்டெப்னியைத் தூக்கு. அடியில் பழந்துணியில் சுற்றி ஒரு குழாய் இருக்கும், உன் முழங்கை நீளம், உடம்பெல்லாம் ஓட்டை. எக்ஸாஸ்ட் குழாயின் வாய்க்குள் அதைச் செருகினால் பாதிச் சத்தம் அங்கேயே அமுங்கிவிடும். நான் அதற்கு வைத்த பெயர் வாய்ப்பூட்டு. போலீஸ்காரர் நிற்கிற சாலைகளுக்காக வாங்கியது. மற்றபடி போட்டதில்லை, அப்பாவிடமும் காட்டியதில்லை. காட்டியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்று நீ சொல்வாய். சொல்லாதே.

வண்டி நன்றாக ஆறிய பிறகு செய். சுடச்சுடக் கை வைத்தால் தோல் அதோடு போய்விடும். குழாய் வாயின் அடிப்பக்கம் ஒரு போல்ட். அதைக் கழற்று, வாய்ப்பூட்டை உள்ளே தள்ளு, ஓட்டைக்கு ஓட்டை நேராக வந்ததும் போல்ட்டை மறுபடி போட்டு இறுக்கு. ஸ்பேனர் அப்பாவின் பெட்டியில் இருக்கும். அவரிடம் கேட்டுவிட்டு எடு.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அன்றைக்கு அவர் போனைத் தள்ளிவிட்டாரா, இல்லை கை நழுவிப் போனதா? நீ பக்கத்தில் இருந்தாய், உனக்குத் தெரியும்.

இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா என்று மேலாளர் கேட்கிறார். ஆகஸ்டில் பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

தம்பி

*

ஜூன் 24

அன்புள்ள டமாரத்துக்கு,

போட்டுவிட்டேன்! நானே போட்டேன். இரண்டு நகம் போனது, முழங்கையில் கரி, வாட்ச்மேன் பக்கத்தில் நின்று தனக்குத் தெரியாததையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஸ்டார்ட் செய்தால் என்ன ஆச்சரியம், மனிதர் பேசுவது கேட்கிறது. கார் இப்போது ஜலதோஷம் பிடித்த ஆள் மாதிரி மூக்கால் முனகுகிறது, அவ்வளவுதான். முதல் மாடிக் குழந்தையின் அம்மா மாடியிலிருந்து கையை ஆட்டினாள்.

அப்பாவைக் கீழே கூட்டிவந்து காட்டினேன். காரைச் சுற்றி வந்தார். ஊன்றுகோலால் பின் சக்கரத்தைத் தட்டினார், பஸ் டிப்போவில் தட்டுவாரே, அதே மாதிரி. தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரித்தாரா என்று நீ கேட்பாய். வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது. சிரிப்பா, கோபமா, ஒன்றுமே இல்லையா என்று சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

நீ கேட்ட கேள்விக்கும் அதுதான் பதில். போனை அவர் தள்ளினாரா, நழுவியதா? அந்தக் கை அவர் சொன்னபடி கேட்பதில்லை. நான் பார்த்தது கை போனைத் தொட்டதும், போன் தரையில் விழுந்ததும்தான். நடுவில் நடந்தது அவருக்கு மட்டும் தெரியும்.

டாக்டர் என்னவோ, "புரிஞ்சுக்கறதெல்லாம் நல்லாவே இருக்கு. வார்த்தை உள்ளே இருக்கு, வெளிய வர்ற வழிதான் கலைஞ்சிருக்கு. பேசப் பேசத்தான் வரும்" என்கிறார். இவர் பேசினால்தானே. பேச்சுப் பயிற்சி அம்மா பூனைப் படம், நாய்ப் படம் காட்டினால் அட்டையைத் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்க்கிறார். எழுதிக் காட்டச் சொன்னால் பேனாவை உருட்டிவிடுகிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கு மட்டும் ஒரு வார்த்தை சொன்னார். தண்ணீர் வேண்டும் அவருக்கு. டம்ளரைக் காட்டி, "ரிவர்ஸ்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. முடியவில்லையா, மாட்டேன் என்கிறாரா? யோசித்து யோசித்து எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

புதன்கிழமை கடையில் வேலை சீக்கிரம் முடிந்தது. எனக்கு அங்கே நேரம் காலம் கிடையாது, லென்ஸ் வந்தால் வெட்ட வேண்டும், வராவிட்டால் வீடு. கதவைத் திறந்தால் அப்பா கண்ணாடி முன்னால் நிற்கிறார். என்னைப் பார்த்ததும் அப்படி ஒரு திடுக்கிடல், டீக் கோப்பையைத் தட்டி உடைத்துவிட்டார். திருடனைப் பிடித்தது போல எனக்கே சங்கடமாகிவிட்டது. ஷேவிங் செய்யப் பார்த்தாரோ என்னவோ.

அக்கா

பி.கு. கடிதத்தை ஒட்டுவதற்குள் இது. திங்கட்கிழமை காலை ஸ்டார்ட் செய்தேன், பழைய இடி முழக்கம். குனிந்து பார்த்தால் வாய்ப்பூட்டைக் காணோம்.

*

ஜூலை 4

அக்காவுக்கு,

நீ போல்ட்டை இறுக்கவில்லை. வேறொன்றுமில்லை. சாலையில் எங்கேயோ கழன்று விழுந்து, பின்னால் வந்தவன் டயரைக் கிழித்திருக்கும். லென்ஸை மயிரிழை பிசகாமல் வெட்டுகிறவள், ஒரு போல்ட்டை இறுக்கத் தெரியவில்லை.

நம்ம மெக்கானிக்கிடம் போ. டயர்க் கடைக்குப் பக்கத்துச் சந்து. என் பெயரைச் சொல்லாதே, அவருக்கும் எனக்கும் இப்போது பேச்சில்லை. அவரே ஒன்று செய்து கொடுப்பார். உள்ளே கண்ணாடிப் பஞ்சு வைத்துச் சுற்றச் சொல், முனகலும் குறையும். ஒரு போல்ட்டுக்கு இரண்டாகப் போடச் சொல். ஸ்பிரிங் வாஷர் கட்டாயம், அது இருந்தால் அதிர்வில் கழலாது.

'ரிவர்ஸ்' கதையைப் படித்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, ஏனென்று தெரியவில்லை. அந்தக் குரலுக்கு பஸ்ஸே கடைசி வரிசை வரைக்கும் அடங்கும். "உள்ளே போ, உள்ளே போ" என்று அவர் சொன்னால் இடமே இல்லாத இடத்திலும் நாலு பேர் உள்ளே போவார்கள்.

அவர் காரைச் சுற்றிவந்து முகத்தைத் திருப்பிக்கொண்டது எனக்கு உறுத்துகிறது. பிடித்திருந்தால் ஏன் திருப்ப வேண்டும்?

தம்பி

*

ஜூலை 14

டமாரத்துக்கு,

திட்டுவதற்கு முன்னால் முழுவதும் படி.

மெக்கானிக் புதிது செய்து கொடுத்தார். பஞ்சு சுற்றி, இரண்டு போல்ட், வாஷர் எல்லாம் போட்டு. உன் பெயரை நான் சொல்லவில்லை, அவரே காரைப் பார்த்துவிட்டு, "அந்தத் தம்பி வண்டிதானே" என்று ஒரு பெருமூச்சு விட்டார். ஒரு வாரம் அமைதி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் கட்டடமே எழுந்து உட்கார்ந்தது. இதுவும் போய்விட்டது!

கழன்று விழவில்லை, இதைக் கேள். போல்ட் இரண்டும் அதனதன் ஓட்டையில் இருக்கின்றன. வாஷரோடு, அழகாக, இறுக்கமாக. வாய்ப்பூட்டு மட்டும் இல்லை. யாரோ போல்ட்டைக் கழற்றி, குழாயை உருவி, மறுபடி போல்ட்டை மாட்டி வைத்திருக்கிறார்கள். எந்தத் திருடனுக்கு இவ்வளவு பொறுமை?

செயலாளர் மேல் சந்தேகப்பட்டேன். என்னைக் கட்டடத்தை விட்டுக் கிளப்ப இப்படிச் செய்கிறாரோ என்று. ஆனால் டம்ளர் ஆடுவது அவர் வீட்டில். வாட்ச்மேனைக் கேட்டால் வானத்தைப் பார்க்கிறார். மெக்கானிக்கே வந்து கழற்றிக்கொண்டு போய் மறுபடி செய்து தருகிறாரோ என்றுகூட யோசித்தேன். அந்த அளவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது. காருக்குப் பின்னால் ஒரு வாளி கவிழ்த்து வைத்திருந்தது. அது யாருடையது என்றும் ஒருவருக்கும் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருக்கிறது.

ஆகஸ்ட் பாதிக்குள் சத்தம் அடங்காவிட்டால் காரை உள்ளே விட மாட்டோம் என்று செயலாளர் சொல்லிவிட்டார். பேச்சுப் பயிற்சி அம்மாவும் கையை விரிக்கிறார். "அவர் வாயைத் திறக்கலன்னா நான் என்னம்மா பண்ணட்டும்? காத்திருக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க." அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

எனக்கு அலுத்துவிட்டது, தம்பி. அவர் ஒரு வார்த்தை பேசினால் போதும் எனக்கு. திட்டினால்கூடப் போதும்.

அக்கா

*

ஜூலை 22

அக்கா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

திருடன் போல்ட்டைத் திருப்பிப் போடமாட்டான். செயலாளருக்குப் போடத் தெரியாது. வெறும் ஓட்டையைப் பார்த்தால் கை துறுதுறுக்கிற ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். சின்ன வயதில் சைக்கிளைப் பிரித்துவிட்டு நான் போல்ட்டைத் தரையில் போட்டால் யார் என் காதைத் திருகினார்கள்? "கழட்டினா அதே இடத்துல மாட்டி வை." ஞாபகம் இருக்கிறதா?

வாளி உட்காருவதற்கு. குனிய முடியாதவருக்கு வேறு வழியில்லை.

அப்பாவின் அலமாரியைப் பார். கோபப்படாதே, பார்த்துவிட்டு எழுது. நான் நினைப்பது தப்பாக இருந்தால் சந்தோஷம்.

தம்பி

*

ஜூலை 30

தம்பிக்கு,

நீ நினைத்தது தப்பில்லை.

அலமாரியில், அவருடைய டிரைவர் சீருடைக்கு அடியில், இரண்டு வாய்ப்பூட்டும் இருக்கின்றன. செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறார். துரு ஏறாமல் இருக்க எண்ணெய் தடவியிருக்கிறார், அதை என்ன சொல்ல? கீழே போய் வாட்ச்மேனை உலுக்கினேன். தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "பெரியவர் லிஃப்டுல வருவாரும்மா. வாளி கேட்டு சைகை காட்டுவார். இடது கையாலயே கழட்டுவார், பாக்கவே கஷ்டமா இருக்கும். நான் உதவிக்குப் போனா கோலால ஒரு தட்டு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு வாய்ல விரலை வெச்சுக் காட்டினார். நான் என்ன பண்ண?"

என்னோடு லிஃப்டு வரை நடக்கவே முனகுகிறவர், தனியாகக் கீழே போய், வாளியில் உட்கார்ந்து, ஒற்றைக் கையால் போல்ட் கழற்றியிருக்கிறார்.

மேலே வந்து இரண்டையும் அவர் மடியில் வைத்தேன். "எதுக்குப்பா?" என்றேன். என்னையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. வாய் அசைந்தது, பல்லைக் கடித்துக்கொண்டார், வாய்ப்பூட்டுகளை எடுத்துப்போய் மறுபடி சீருடைக்கு அடியில் வைத்து அலமாரியைச் சாத்திவிட்டார்.

எனக்கு விளங்கவே இல்லை. சத்தம் பிடிக்காமல்தான் பெற்ற பிள்ளையையே வெளியே போகச் சொன்னார். இப்போது சத்தத்தை அவரே திறந்துவிடுகிறார். நோய் மூளையில் இன்னும் எதையாவது குழப்பிவிட்டதா? டாக்டரைக் கேட்டேன், சிரித்துவிட்டு ரத்த அழுத்தம் பார்த்தார். உனக்கு ஏதாவது புரிகிறதா?

அக்கா

*

ஆகஸ்ட் 7

அக்கா,

எனக்குப் புரிந்துவிட்டது. நீ மட்டும்தான் இன்னும் குழம்பிக்கொண்டிருக்கிறாய்.

அவர் என்ன சொன்னார்? சத்தம் அடங்குகிற வரைக்கும் முன்னால் வராதே என்றார். நீ சத்தத்தை அடக்கினாய், எதற்காக என்றும் அவருக்குத் தெரியும். அவர் அடங்கவிடாமல் பார்த்துக்கொள்கிறார். அவ்வளவுதான். வாயால் சொல்ல முடியவில்லை, ஸ்பேனரால் சொல்கிறார். போன் கை நழுவவில்லை, தள்ளிவிட்டார். காரைப் பார்த்து முகத்தைத் திருப்பினாரே, அதுவும் இதுதான்.

இத்தனை நாளும் நான் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்தேன், அவருக்குப் பேச முடியவில்லை, முடிந்தால் என்னை வரச் சொல்வார் என்று. இங்கே மேடையில் இயந்திரம் நிற்பதே இல்லை. காதில் அடைப்பான் வைத்துக்கொண்டுதான் வேலை. அந்த அடைப்பானுக்குள் எனக்கு அவர் குரல்தான் கேட்டுக்கொண்டிருக்கும். அதுகூட இனி வேண்டாம்.

காரை என்ன வேண்டுமானாலும் செய். வெல்டிங் வைத்து அடைத்தால் அவரால் கழற்ற முடியாது, ஆனால் அப்படிச் செய்யாதே. அவருக்கு வேண்டியது அந்தச் சத்தம்தான் என்றால் இருக்கட்டும். வேறொரு பழைய காரை வாங்கிக்கொண்டு அவரைப் பயிற்சிக்குக் கூட்டிப் போ.

இரண்டு வருஷம் இருக்கிறேன் என்று மேலாளரிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். முதுகில் தட்டிக்கொடுத்தார். வலித்தது.

தம்பி

*

ஆகஸ்ட் 16

அடேய்,

உன் கடிதம் கடைக்குக் கிளம்பும்போது வந்தது. கடையில் உட்கார்ந்து படித்தேன். படித்த பிறகு வெட்டிய லென்ஸ் கோணலாகப் போய்விட்டது. ஒரு தப்பும் செய்யாத யாரோ ஒரு வாத்தியாருடைய லென்ஸ். முதலாளி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ வீட்டுக்குப் போம்மா" என்றார்.

நான் வீட்டுக்குப் போகவில்லை, மெக்கானிக்கிடம் போனேன். எனக்கு அவ்வளவு ஆத்திரம். உன் மேல், அப்பா மேல், அந்தக் காரின் மேல். ஒருவர் பேசமாட்டார், ஒருவர் வரமாட்டார், இருவர் பிடிவாதத்துக்கும் நான் டிரைவர். இன்னொரு வாய்ப்பூட்டு செய்து, போல்ட்டே வேண்டாம், சுற்றி வெல்டிங் வையுங்கள் என்றேன். "அப்புறம் எடுக்க முடியாதும்மா, வெட்டித்தான் எடுக்கணும்" என்றார். வெட்டவும் முடியாதபடி வையுங்கள் என்றேன்.

நட்டநடு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். கார் சத்தமே இல்லை. வாட்ச்மேன் எழுந்திருக்கவே இல்லை, நான்தான் இறங்கிக் கேட்டைத் திறந்தேன். லிஃப்டு மேலே எங்கேயோ நின்றிருந்தது, படியில் ஏறினேன். நம் வீட்டுக் கதவுக்குச் சாவியை நீட்டும்போது உள்ளே ஆண்குரல் கேட்டது.

திருடன் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ரேடியோ என்று நினைத்தேன். அப்புறம் நீட்டிய சாவியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

அப்பா பேசிக்கொண்டிருந்தார்.

"சத்… சத்தம்." தொண்டையைச் செருமினார். "சத்தம்… அட… அட…" கோலால் தரையை ஒரு தட்டு. அவருக்கு அவர் மேலேயே கோபம். மறுபடி முதலிலிருந்து. "சத்தம்… அட… அடக்… ரிவர்ஸ். ச்சே." இந்த 'ச்சே' மட்டும் அப்படியே பழைய குரல், கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரல். மறுபடி. மறுபடி. நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வாயைப் புடவையால் பொத்திக்கொண்டேன். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது. ஒரு தடவை முழுதாக வந்தது.

"சத்தம் அடங்கிடுச்சு. வாடா."

டேய், அந்த 'வாடா'வில் அவருக்குத் திக்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் 'அடங்கிடுச்சு'விடம்தான் மல்லுக்கட்டினார். 'வாடா' தானாக வந்தது.

இப்போது புரிகிறதா உனக்கு? எனக்குப் படியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் புரிந்தது. நான் தெருமுனையில் திரும்புவது அவருக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் வாயை மூடி, ஜன்னல் பக்கம் போய், ஒன்றும் நடக்காதது போல் உட்கார நேரம் கிடைக்கும். அரைகுறை வார்த்தையோடு என்னிடம் அகப்படக் கூடாது அவருக்கு. அந்தச் சத்தம் இல்லாத புதன்கிழமை கண்ணாடி முன்னால் அகப்பட்டுக்கொண்டார், கோப்பை உடைந்தது. அதற்குப் பிறகுதான் கீழே போய்க் கழற்றியிருக்கிறார். தன்னந்தனியாக, யார் காதிலும் விழாமல், உனக்குச் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தைப் பழகிக்கொண்டிருந்திருக்கிறார். பூனைப் படமும் நாய்ப் படமும் அவருக்கு எதற்கு?

நான் உள்ளே போகவில்லை. சத்தம் போடாமல் கீழே இறங்கி, காரில் உட்கார்ந்து, ஹாரனை அழுத்தினேன், நீளமாக. செயலாளர் ஜன்னலில் தலையை நீட்டினார். நீட்டட்டும். நிதானமாக மேலே ஏறிப் போனேன். அப்பா ஜன்னலோரம், ஊமைச்சாமி மாதிரி. நெற்றியெல்லாம் வியர்வை. டீ போட்டுக் கொடுத்தேன்.

இரண்டு வருஷம் என்று சொன்னாயே. சொன்னதைத் திருப்பி வாங்கு. எப்படி என்று எனக்குத் தெரியாது. கழற்றியவன் நீ, நீயே மாட்டு.

அக்கா

*

ஆகஸ்ட் 25

அக்காவுக்கு,

அவசரமாக எழுதுவதால் எழுத்து இப்படி இருக்கிறது. பொறுத்துக்கொள்.

மேலாளரிடம் போனேன். "அன்றைக்கு இருக்கிறேன் என்றவன் இன்றைக்குப் போகிறேன் என்கிறாய், உனக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார். எங்க அப்பா கூப்பிடுகிறார் என்றேன். உனக்கு போனே வரவில்லையே என்றார். விளக்கப் பார்த்தேன், அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கடைசியில், ஒழிந்து போ என்று கையெழுத்துப் போட்டார். அடுத்த படகில் கிளம்புகிறேன்.

அவர் போனைத் தள்ளிவிட்டார் என்று எழுதினேனே, அதைக் கிழித்துப் போடு. நழுவியதா, தள்ளினாரா என்று இப்போதும் எனக்குத் தெரியாது. கேட்கவும் போவதில்லை.

நான் வருகிற வரைக்கும் இதையெல்லாம் செய். வெல்டிங்கைத் தொடாதே, நன்றாக இருக்கட்டும். ஆனால் தெருமுனையில் திரும்பும்போது தினமும் ஹாரன் அடி. செயலாளர் சண்டைக்கு வந்தால் நான் வந்து பேசிக்கொள்கிறேன். அடித்த உடனே மேலே ஓடாதே, வாட்ச்மேனிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போ. அவர் ஜன்னல் பக்கம் நடந்து போக வேண்டும் அல்லவா. நீ கேட்டதை அவரிடம் சொல்லவே சொல்லாதே. அலமாரியில் இருக்கிற இரண்டும் அங்கேயே இருக்கட்டும்.

நான் வருகிற அன்று கதவை அவர் திறக்கட்டும். நீ சமையலறையில் ஏதாவது வேலை இருப்பது போல் இருந்துகொள். நான் வாசலுக்கு வெளியே நிற்பேன். அன்றைக்கு எந்த இடத்தில் நின்று போகச் சொன்னாரோ அதே இடத்தில் அவர் நிற்கட்டும். அவர் தொடங்குவார். 'அடங்கிடுச்சு'விடம் திக்குவார், முதலிலிருந்து ஆரம்பிப்பார், 'ரிவர்ஸ்' என்றுகூடச் சொல்லுவார். நான் சிரிக்க மாட்டேன். நீயும் உள்ளிருந்து எடுத்துக்கொடுக்காதே, அக்கா. எவ்வளவு நேரம் ஆனாலும் அவர் முழுதாகச் சொல்லி முடிக்கட்டும். அதுவரைக்கும் நான் உள்ளே கால் வைக்க மாட்டேன்.

தம்பி